ஒரு சுரப்பி, இரண்டு கட்டி, ஒரு சூசை மேரி

திண்டிவனத்து மண்டிகளில் மூட்டையைக் குத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குனிந்து குத்துகிறவர் சூசை மேரி ஒருவர்தான்.

குத்தூசி என்பது முழ நீளத்து இரும்புக் குழாய். ஒரு முனை கூர், மறு முனை கைப்பிடி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பு மூட்டைக்குள் செருகி இழுத்தால் ஒரு பிடி பருப்பு வெளியே வரும். அந்த ஒரு பிடியை வைத்துத்தான் மூட்டையின் தலையெழுத்து முடிவாகும். ஊர் வழக்கம் என்னவென்றால், நின்ற வாக்கில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு குத்து, ஒரு பார்வை, ‘சரக்கு பரவால்ல’, அடுத்த மூட்டை. சூசை மேரி மேலே ஒன்று, நடுவே ஒன்று, குனிந்து அடியில் ஒன்று என்று மூன்று குத்து குத்துவார். மேலே முத்து முத்தாக இருக்கிற பருப்பு அடியில் பூஞ்சை பூத்துக் கிடக்கும் கதை அவருக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

மண்டி முதலாளி கிருஷ்ணசாமிக்கு இந்த மூன்றாவது குத்தின் மேல் பாதி நேரம் மட்டும் அன்பு. விவசாயியிடம் வாங்கும்போது “நல்லா அடி வரைக்கும் குத்து மேரி” என்பார். எண்ணெய் மில்லுக்கு அனுப்பும்போது “ஜல்தி ஜல்தி, மேலாக்க பாத்துட்டு வுடு” என்பார். சூசை மேரி இரண்டு நேரமும் குனிவார்.

“குத்தூசிக்கு வாங்கறவன் விக்கறவன் தெரியாது மொதலாளி” என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார் கிருஷ்ணசாமி. மூன்றாம் நாளே அடியில் மண்ணும் கல்லுமாக எட்டு மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஆள் அனுப்பினார். சூசை மேரி வரவில்லை. இரண்டு வாரம் முழுசாக முடிந்த பிறகுதான் வந்தார். முதலாளி வாயால் சொன்ன வார்த்தைக்கு மரியாதை தர வேண்டும் இல்லையா.

சொந்த ஊர் வல்லம் பக்கம். சொந்த நிலம் எந்தப் பக்கமும் இல்லை. எட்டாவது வரை படிப்பு. படிப்பில் மிஞ்சியது கையெழுத்து. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ‘சூ. மேரி’ என்றெல்லாம் சுருக்க மாட்டார். முழுப் பெயரையும் சுழித்து, கடைசியில் ஒரு புள்ளியும் வைப்பார். கணவர் சவரிநாதன் பெயிண்டர். மூன்று மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுவருக்கு வெள்ளையடிப்பார், பயம் கிடையாது. தரையில் வெள்ளை கோட்டு போட்டவரைப் பார்த்தால் கை கட்டிக்கொள்வார்.

சூசை மேரிக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. மூட்டையின் அடியைக் குத்தக் குனிவார். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ பொங்கும். நெஞ்சு தடதடக்கும், மண்டை பிளக்கும், முகம் சுண்ணாம்பாக வெளுக்கும், சேலை நனைகிற அளவுக்கு வேர்க்கும். கால் மணி நேரம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும்.

“அடி மூட்டையைக் குத்தாதன்னு ஆண்டவரே சொல்றாரு மேரி” என்றார் கிருஷ்ணசாமி.

“ஆண்டவர் சொன்னா கேட்டுக்கறேன். நீங்க எதுக்கு நடுவுல?”

அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தக் கால் மணி நேரத்துக்குப் பல பெயர்கள் கிடைத்தன. முதல் டாக்டர் வயசு என்றார். இரண்டாமவர் கேஸ் என்று சிரப் கொடுத்தார். மூன்றாமவர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டபடி சவரிநாதனை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் ஒரு வாரம் வீட்டில் சத்தமாகப் பேசவே இல்லை. எல்லா டாக்டரிடமும் சூசை மேரியின் ரத்த அழுத்தம் நல்ல பிள்ளையாக இருந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் அடங்கி உட்காருகிற குழந்தை மாதிரி.

கடைசியில் வயிற்றுவலி ஒன்றும் சேர்ந்துகொள்ள, விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் போய் நின்றார்கள். ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டரில் கையில் ஊசி ஏற்றி, சாயத்தைச் செலுத்தி, பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்துப் படம் பிடித்தார்கள். ரிப்போர்ட் இரண்டு செய்தி சொன்னது. ஒன்று, பித்தப்பையில் கல். இரண்டு, வலது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கொழுப்புக் கட்டி, ஆபத்தில்லாத வகை, அப்படியே விடலாம்.

அறுவை மருத்துவர் அன்புச்செல்வன் ரிப்போர்ட்டை ஒரு புரட்டு புரட்டினார். “கல்லுதாம்மா எல்லாத்துக்கும் காரணம். வியாழக்கிழமை எடுத்துடலாம்.”

புதன்கிழமையே சேர்த்துக்கொண்டார்கள். நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். நூற்று நாற்பது. அந்த நேரம் சூசை மேரியின் ஜெபமாலை கட்டிலுக்கு அடியில் விழ, அவர் குனிந்து எடுத்தார். நெஞ்சு தடதடத்தது.

“இப்ப பாரும்மா” என்று கையை நீட்டினார்.

நர்ஸ் பார்த்தார். இருநூற்று இருபது. நர்ஸுக்கு மிஷின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேறு மிஷின் கொண்டுவரப் போனார். அது மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் அடங்கிப் போய், புது மிஷின் நூற்று ஐம்பது காட்டியது. நூற்று ஐம்பது என்று எழுதினார். பழைய மிஷினை ரிப்பேருக்கு அனுப்பினார்.

சூசை மேரி தலைமாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தார். அதன் அடியில், ஆபரேஷனுக்குச் சம்மதம் என்ற தாளில், ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. சவரிநாதனுடையது.

“இன்னாங்க இது?”

“கீழ கேட்டாங்க மேரி. போட்டேன்.”

“யாரு வயிறு?”

“உன்னுதுதான்.”

“அறுக்கறது யார?”

சவரிநாதன் கை கட்டிக்கொண்டார்.

“லேடீஸ் கேஸ்னா வூட்டுக்காரர் போட்டா போதும்மா, எப்பவும் அப்படித்தான்” என்றார் நர்ஸ். இரண்டு மாவட்டத்துப் பெண்களின் பித்தப்பைகள் அந்த மருத்துவமனையில் கணவர்களின் கையெழுத்தில்தான் வெளியே வந்திருந்தன. ஒன்றுகூட ஆட்சேபிக்கவில்லை. சூசை மேரி பேனாவை வாங்கி, கணவரின் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். அடித்த கோடும் நேராகவே இருந்தது.

செய்தி போய், அன்புச்செல்வன் வந்தார். வரும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்னம்மா பயமா?”

“ஒரு சந்தேகம் சார். அந்தக் கொழுப்புக் கட்டி படபடக்குமா?”

“கொழுப்பு சும்மா கிடக்கும்மா. அது ஒன்னும் பண்ணாது.”

“கல்லு?”

“கல்லு வலிக்கும். படபடப்பெல்லாம் பயத்துல வர்றது.”

“பயம் குனிஞ்சா மட்டும் வருமா சார்?”

அறையில் யாரோ இருமினார்கள். சவரிநாதனாக இருக்கலாம், அவரைத் தவிர யாருக்கும் அந்த இருமல் தேவைப்படவில்லை.

“நான் இருபத்தஞ்சு வருஷமா ஆபரேஷன் பண்ணிக்கினு இருக்கேன்” என்றார் அன்புச்செல்வன். வழக்கமாக ‘பண்ணிக்கிட்டு’ என்று பேசுகிறவர். கோபத்தில் ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிட்டது.

“நான் பன்னெண்டு வருஷமா மூட்டை குத்திக்கினு இருக்கேன் சார். நீங்க சொல்றது மேல் குத்து. அடியில பாக்காம கையெழுத்து வராது.”

“அப்ப வேற எடம் பாத்துக்கோங்க.”

“பாத்துக்கறேன்” என்றவர், படங்கள் இருந்த பெரிய மஞ்சள் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னாலேயே சவரிநாதன், ஃபிளாஸ்க்கும் தலையணையுமாக.

ஸ்கேன் சென்டர் இரண்டு தெரு தள்ளி. படம் படிக்கிற டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்குப் புரியவில்லை. அங்கே வருகிறவர்கள் மிஷினைப் பார்ப்பார்கள், தாளை வாங்குவார்கள். நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. சூசை மேரி பெஞ்சில் உட்கார்ந்தார். மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்த டாக்டர் கலைப்பிரியா, தன் வழியில் ஒரு மஞ்சள் உறை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

“இத எழுதினது யாரு மேடம்?”

கலைப்பிரியா கையெழுத்தைப் பார்த்தார். “நான்தான். ஏன்மா?”

“இதுல ஒரு கட்டின்னு போட்டிருக்கீங்க. அது சும்மா கெடக்கும்னு அந்த சார் சொல்றாரு. எனக்கு உள்ள ஒன்னு சும்மா கெடக்கல மேடம். எங்க தொழில்ல சந்தேகம் வந்தா குத்திப் பாப்போம். ஊசி வுட்டு மூணு எடத்துல குத்தி எடுத்துப் பாருங்க. மேல, நடுவுல, அடியில.”

டாக்டருக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். அதில் கால் மணியை அந்தப் பெஞ்சில் செலவழித்தார். எப்போது வரும், எவ்வளவு நேரம், வேர்க்குமா, முகம் வெளுக்குமா, தலை வலிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரிப்போர்ட் எழுதிய அன்று அவருக்கு வந்த சீட்டில் ‘வயிற்றுவலி’ என்று ஒற்றை வார்த்தைதான் இருந்தது. பிறகு சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு, “உள்ள வாங்க” என்றார்.

இருட்டறையில் திரையில் படம் வந்தது. அவர் சுட்டெலியின் சக்கரத்தை உருட்ட உருட்ட, சூசை மேரியின் வயிறு மேலிருந்து கீழாக, தாள் தாளாக ஓடியது.

“இன்னா மேடம், இவ்வளவு ஓடுது?”

“நானூறு துண்டு. மெல்லிசா, ரொட்டி நறுக்கின மாதிரி. கத்தி படாம.”

“நானூறு குத்து” என்றார் சூசை மேரி, சவரிநாதனைப் பார்த்து. மூன்று குத்துக்கே பெயர் வாங்கியவருக்கு அது கொஞ்சம் அடக்கத்தைத் தந்திருக்க வேண்டும்.

சுரப்பி வந்தது. அதில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகக் கறுப்பு உருண்டை. கலைப்பிரியா அதன் மேல் ஒரு சிறு வட்டம் வைத்தார். ஓரத்தில் எண் வந்தது: மைனஸ் தொண்ணூறு.

“தண்ணிக்கு சைபர். கொழுப்புக்கு மைனஸ். இது சுத்தமா கொழுப்பு. நான் எழுதினது தப்பில்ல.” சக்கரம் இன்னும் கொஞ்சம் உருண்டது. அவர் கை நின்றது. முன்னே உருட்டினார், பின்னே உருட்டினார்.

கறுப்பு உருண்டையின் அடியில், அதை முட்டிக்கொண்டு, நெல்லிக்காய் அளவில் ஒரு சாம்பல் உருண்டை. வட்டம் வைத்தார். பிளஸ் முப்பத்தெட்டு. சாயம் ஏற்றிய பிறகு எடுத்த படத்தில் அதே இடத்தில் வைத்தார். நூற்று முப்பது. கறுப்பு உருண்டை சாயத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. சாம்பல் உருண்டை பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து குடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு.

“ரெண்டும்மா” என்றார் கலைப்பிரியா. “ஒரே சுரப்பியில ரெண்டு வேற வேற கட்டி, பக்கத்துல பக்கத்துல. ரொம்ப அபூர்வம். பெரிசு கொழுப்பு. பெரிச பார்த்ததும் முடிச்சுட்டேன். சின்னத அதோட ஓரம்னு நினைச்சுட்டேன். என் தப்பு.”

ஒரு டாக்டர் வாயிலிருந்து ‘என் தப்பு’ என்று கேட்டதில் சவரிநாதன் கட்டிய கையை அவிழ்த்துவிட்டார். அதுவரை இடுக்கியிருந்த தலையணை கீழே விழுந்தது.

“எல்லாருக்கும் மேல் குத்துதான் சுளுவு மேடம்” என்றார் சூசை மேரி. ஆறுதலாகச் சொன்னாரா, குத்தினாரா என்று டாக்டருக்கு இன்றுவரை தெரியாது. “சரி, சின்னது எது? இப்ப ஊசி வுட்டுப் பாருங்க.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“இது ஒரு மாதிரி கட்டியா இருந்தா, பயத்துல ஓடும்போது ரத்தத்துல வர்ற சரக்கை அதுவே காய்ச்சிக்கிட்டு இருக்கும். நீங்க குனியும்போது அதை அமுக்குறீங்க, அது பீய்ச்சுது. ஊசியால குத்தினா மொத்தமும் கொட்டும். பிரஷர் எங்க போய் நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. நாளைக்குக் கல்லை எடுக்க மயக்கம் கொடுத்திருந்தா டேபிள்லயே உயிர் போயிருக்கலாம். இந்த மூட்டையைக் குத்தவே கூடாதும்மா.”

பன்னிரண்டு வருஷத்தில் குத்தாதே என்று சொன்ன ஒருவர் காரணத்தோடு சொன்னது அதுதான் முதல் தடவை. சூசை மேரி திரைக்குக் கிட்டே போய் அந்த நெல்லிக்காயைப் பார்த்தார்.

“அப்ப பயம்னு அவர் சொன்னது முழு பொய் இல்ல” என்றார். “பயம் உள்ள இருக்குது. ஆனா என்னுது இல்ல.”

“படம் ரெண்டுன்னு சொல்லிடுச்சு. ரெண்டாவது என்ன வேலை பண்ணுதுன்னு மூத்திரம்தான் சொல்லணும்.”

கலைப்பிரியா அவர் முன்னாலேயே அன்புச்செல்வனுக்குப் போன் செய்தார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. “இல்ல சார்... ஆமா சார், நான்தான் எழுதினேன்... அந்தம்மாதான் சார் சொன்னாங்க... மண்டியில சார்... இல்ல, டாக்டர் இல்ல.”

மூத்திரம் என்றால் கொஞ்ச நஞ்சம் இல்லை. இருபத்துநாலு மணி நேரத்து மொத்தத்தையும் ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் அடியில் கொஞ்சம் அமிலம் ஊற்றித் தந்தார்கள். காபி கிடையாது, வாழைப்பழம் கிடையாது. சூசை மேரி அன்றைக்கு மண்டிக்கே போகவில்லை. போனால் மாதிரி சிந்தும் என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை ஐஸ் போட்ட பையில் கேனை வைத்து, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பஸ் ஏறினார்கள். கேனை சவரிநாதன் மடியில் வைத்துக்கொண்டார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் கேன் கண்டக்டர் கண்ணில் பட்டது. “இன்னா பெரியவரே, கேன்ல? எண்ணெயா? பஸ்ஸுல எண்ணெ ஏத்தக் கூடாது தெரியுமில்ல.”

“எண்ணெ இல்லங்க.”

“தொறங்க பாப்போம்.”

சவரிநாதன் மூடியின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டார்.

“என் மூத்திரம்” என்றார் சூசை மேரி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. “நேத்து காலையில இருந்து சேத்து வெச்சிருக்கேன். கொழா இருந்தா வுட்டு மாதிரி எடுத்துப் பாரு கண்ணு, வேணாங்கல.”

முன் சீட்டுக்காரர் இரண்டு சீட்டு முன்னால் போனார். கண்டக்டர் விழுப்புரம் வரை பின்பக்கம் வரவில்லை. பின்பக்கம் ஏறியவர்களில் நாலைந்து பேர் டிக்கெட்டே இல்லாமல் போனார்கள். அந்தப் புண்ணியமும் அந்தக் கேனுக்கே சேரும்.

முடிவு வந்தது. அந்தப் பயத்துச் சரக்கு இருக்க வேண்டியதைப் போல் ஏழு மடங்கு. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதில் கொழுப்பு கொழுப்பாகவே கிடக்க, நெல்லிக்காய் மட்டும் பல்ப் போட்ட மாதிரி வெள்ளையாக மின்னியது. மூன்று வாரம் பிரஷரை அடக்க மாத்திரை, நிறையத் தண்ணீர், உப்பைக் குறைக்காதே என்ற உத்தரவு. வாழ்நாளில் ஒரு டாக்டர் உப்பு போட்டுச் சாப்பிடச் சொன்னதை சவரிநாதன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆபரேஷனும் அங்கேயே. அதற்கு முந்தின நாள் இளம் டாக்டர் சேரன் சம்மதத் தாளோடு வந்தார். இந்த முறை நேராக சூசை மேரியிடமே நீட்டினார். அவர் முழுசாகப் படித்தார். எட்டாவது வரை படித்தவர் படிக்கிற வேகத்தில், விரல் வைத்து.

“வலது அட்ரினல் கட்டின்னு இருக்குது தம்பி. ஒன்னா?”

“ரெண்டும் அதே சுரப்பியிலதாம்மா. எடுக்கும்போது ஒன்னா வந்துடும்.”

“வரட்டும். ரெண்டுன்னு எழுதிட்டு எடுங்க.”

“எழுதறதால ஒன்னும் மாறாதும்மா.”

“எழுதாததாலதான் தம்பி போன தடவ பாதி செத்தேன்.”

சேரன் அடித்துவிட்டு ‘கட்டிகள், இரண்டு’ என்று எழுதினார். சூசை மேரி முழுப் பெயரையும் சுழித்து, கடைசியில் புள்ளி வைத்தார். பிறகு பேனாவைக் கணவரிடம் நீட்டினார்.

“நீங்களும் போடுங்க.”

“நான் எதுக்கு மேரி?”

“சாட்சின்னு ஒரு எடம் வுட்டிருக்காங்க. அங்க.”

மறுநாள் சுரப்பியைத் தொட்டதும் ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டி எகிறியது. எகிறும் என்று தெரிந்தே மருந்தோடு காத்திருந்தார்கள், இறக்கினார்கள். சுரப்பி வெளியே வந்தது. பெரியது, சின்னது, நடுவில் அந்தக் கோடு. இரண்டிலும் புற்று இல்லை என்று பரிசோதனைக் கூடம் எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளின் நகல் ஒன்றை சூசை மேரி விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் கலைப்பிரியாவிடம் கொடுத்தார். அவர் அதைத் திரைக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிக்கொண்டார். இன்னொரு நகல் யாருக்கு என்று கேட்டால் சூசை மேரி சொல்ல மாட்டார். அன்புச்செல்வன் மருத்துவமனைத் தபால் பெட்டியில் போட்டதை சவரிநாதன் பார்த்திருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து மண்டிக்கு வந்தார். மில்லுக்குப் போக வேண்டிய லோடு நின்றிருந்தது. கிருஷ்ணசாமி, “ஒடம்பு எப்படிக்கீது, மேலாக்க பாத்தா போதும் மேரி, குனியாத” என்று அக்கறையாகச் சொன்னார். அக்கறை உடம்பின் மேலா லோடின் மேலா என்று பிரித்துச் சொல்ல அங்கே ஸ்கேன் இல்லை.

சூசை மேரி மேலே குத்தினார். நடுவே குத்தினார். அப்போது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். விழுப்புரம் மருத்துவமனை நர்ஸ்.

“அம்மா, உங்க பித்தப்பைக் கல்லு அப்படியே இருக்குதே, எப்ப வர்றீங்கன்னு சார் கேக்கறாரு.”

“அது வலிக்குதா இல்லியான்னு நான் பாத்துக்கினு இருக்கேன். வலிச்சா வர்றேன். அந்தப் பழைய பிரஷர் மிஷின் இருக்குதா?”

“ரிப்பேருக்குப் போச்சும்மா.”

“அத வாங்கி வெய்யுங்க. அதுலதான் பாப்பேன். மத்ததெல்லாம் பேஜாரு.”

பேசிக்கொண்டே குனிந்தார். மூட்டையின் அடியில் குத்தூசியைச் செருகி, அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். கிருஷ்ணசாமியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நெற்றி காய்ந்திருந்தது.

இழுத்தார். உள்ளங்கையில் விழுந்ததை முதலாளி முகத்துக்கு நேராக நீட்டினார்.

“பூஞ்சை.”